பட்டணத்தில் ஒரு ஜாகை

சங்கரன்கோவில்காரர்கள் சென்னைப் பட்டணத்தைப் பார்க்காதவர்கள் அல்ல. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போவார்கள். பெரிய வைத்தியரிடம் உடம்பைக் காட்டப் போவார்கள். விசைத்தறித் துணி விஷயமாக வியாபாரிகளைக் காணப் போவார்கள். ஒன்றுவிட்ட மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள். மதுரையில் 2004-ல் ஹைகோர்ட்டுக் கிளை ஏற்படும் வரையில் வழக்குக்காகவும் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால், "இளைப்பாறி வருவதற்காகச் சென்னைக்குப் போகிறேன்" என்று ஒருவர் சொல்லட்டும். கேட்டவர் அவருடைய புத்தியைப் பற்றிச் சந்தேகப்படுவார். சென்னையில் இளைப்பாறுவது என்பது, ஆடித் தபசுக் கூட்டத்தின் நடுவே பாய் விரித்துப் படுத்துத் தூங்குவது போன்ற காரியம் என்பதே நம் ஊராரின் அபிப்பிராயம். "இளைப்பாறத்தான் குற்றாலம் இருக்கிறதே! ஒன்றரை மணி நேரத்துப் பிரயாணம். பட்டணத்துக்கு எதற்கு?" என்று கேட்பார்கள்.

இருந்தாலும், காலம் மாறி வருகிறது. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அண்மையில் நம்மிடம் ஒரு யோசனை கேட்டார்கள். "பரீட்சை விடுமுறையில் மூன்று நாள் சென்னைக்குப் போய், நல்ல நாகரிகமான ஹோட்டலாகப் பார்த்துத் தங்கி வரலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இது தகுமா? வீண் டம்பமா? தகும் என்றால், எப்படிப்பட்ட ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது?" என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். பலருக்கும் உபயோகப்படும் விஷயமாகையால், இவ்வாரம் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சின்ன விசாரணை நடத்த வேண்டியிருக்கிறது. ஓய்வு, ஓய்வு என்கிறோமே, அந்த ஓய்வு யாருக்கு?

குற்றாலத்துக்கே போவதாக வைத்துக்கொள்வோம். சாரல் ஆரம்பித்துவிட்டது; குடும்பத்தோடு புறப்படுகிறோம். ஓர் அறையை வாடகைக்குப் பிடிக்கிறோம். ஐயா அருவியில் குளிக்கிறார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடியும் குளிக்கிறார். வந்து படுத்துக் குறட்டை விடுகிறார். பிள்ளைகள் ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் ஓடுகிறார்கள். வீட்டு அம்மாளோ, ஊரிலிருந்து கொண்டுவந்த அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு, அருவியில் குளித்து வருகிறவர்களின் அகோரப் பசிக்குத் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள். இடையில் ஈரத் துணிகளைப் பிழிந்து உலர்த்துகிறாள். மூன்றாம் நாள் எல்லோரும் புத்துணர்ச்சியோடு ஊர் திரும்புகிறார்கள். அவள் மட்டும் முன்னைக் காட்டிலும் களைத்துப் போய்த் திரும்புகிறாள். இருந்த இடத்திலிருந்து அடுப்பு ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்தது என்பதைத் தவிர அவளுக்கு வேறு மாறுதல் கிடைக்கவில்லை.

இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கம் அல்ல. சிலப்பதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். புகாரிலிருந்து கால்நடையாகவே வந்த கோவலனும் கண்ணகியும் மதுரையின் புறஞ்சேரியில் தங்குகிறார்கள். ஜாகை பார்த்துக் கொடுத்தவர் கவுந்தியடிகள். ஜாகை கொடுத்தவள் மாதரி என்னும் ஆயர்குல மங்கை. காவலான வேலி, தனி வீடு, புதுப் பாத்திரங்கள், அரிசி, காய்கறி, பால் என்று மாதரி ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லாம் சரிதான்! ஆனால், அத்தனை தூரம் நடந்து வந்த கண்ணகி அங்கே என்ன செய்தாள்? விரல்கள் சிவக்கக் காய் அரிந்தாள். முகம் வேர்க்க, கண் சிவக்கச் சமையல் செய்தாள். கதையில் அதன் பின் நேர்ந்த பெருந்துயரம் வேறு. நாம் சொல்ல வந்தது, காவியத்திலும்கூட ஜாகைக்குப் போன பெண்ணுக்கு அடுப்பிலிருந்து விடுதலை இல்லை என்பதைத்தான்.

ஆகையால், ஹோட்டலில் தங்குவது டம்பமா என்ற கேள்விக்கு நம்முடைய விடை இதுவே. ஐயா மெத்தையில் புரள்வதற்காகவும், அங்கே நின்று எடுத்த படத்தை உறவினர்களுக்கு அனுப்புவதற்காகவும் போவதானால், அது டம்பமேதான். வருஷத்தில் 365 நாளும் விடியுமுன் எழுந்து பால் காய்ச்சுகிற ஒருத்தி, மூன்று நாளாவது பிறர் போட்ட காப்பியை உட்கார்ந்து குடிப்பதற்காகப் போவதானால், அதைப் போல நியாயமான செலவு குடும்பக் கணக்கில் வேறு கிடையாது. இந்த ஒரு நோக்கத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எந்த ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது என்பதும் தானே தெளிவாகிவிடும்.

ஆனால், அதற்கு முன் பெரிய ஆட்சேபம் ஒன்று வரும். "சென்னையில் சித்தப்பா வீடு இருக்கும்போது ஹோட்டலில் தங்குவதா? அவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்பார்கள். இதை அலட்சியம் செய்வதற்கில்லை. உறவினர் வீட்டில் இறங்குவது நம் நாட்டில் உரிமை மட்டுமல்ல, மரியாதையும்கூட. அந்தக் காலத்தில் திண்ணையும் கூடமும் முற்றமுமாக வீடுகள் இருந்தன. பத்துப் பேர் வந்தாலும் பாயை விரித்துவிடலாம். இன்று சென்னையில் சித்தப்பா இருப்பது மூன்றாவது மாடியில் இரண்டு அறை உள்ள வீடு. சித்தியும் உத்தியோகத்துக்குப் போகிறவள். நாம் நாலு பேர் பெட்டியும் படுக்கையுமாகப் போய் இறங்கினால், சித்தி முகம் சுளிக்க மாட்டாள். அது அவளுடைய பெருந்தன்மை. ஆனால், காலையில் எட்டுப் பேருக்குச் சிற்றுண்டி செய்துவிட்டுத்தான் ஆபீசுக்கு ஓடுவாள். நம் வீட்டு அம்மாளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா போகிறாள்? அவளும் சமையலறையில் நுழைவாள். ஆக, ஒரு பெண்ணின் ஓய்வும் இன்னொரு பெண்ணின் ஓய்வும் சேர்ந்து போய்விடும்.

ஹோட்டலில் தங்கி, ஒரு நாள் மாலை பூவும் பழமும் கோவில் பிரசாதமும் எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய், இரண்டு மணி நேரம் ஆற அமரப் பேசியிருந்துவிட்டு வருவதில் உறவு சிறிதும் கெடாது. முடிந்தால் சித்தியையும் ஒரு வேளை ஹோட்டலுக்கு அழைத்து வந்து சாப்பிடச் செய்யுங்கள். ஒன்று மட்டும் முக்கியம். புறப்படுமுன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போய்த் தங்கி, பிறகு யார் மூலமாகவோ தெரியவந்தால், அந்த மனஸ்தாபம் இரண்டு தலைமுறைக்கு நீடிக்கும்.

இனி ஹோட்டல் என்னும் சொல்லையே சற்று ஆராய்வோம். அதன் பொருள் ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் பக்கத்தில் "ஹோட்டல்" என்றால் சாப்பிடும் இடம். சங்கரன்கோவிலில் ஒருவர் ஹோட்டலுக்குப் போகிறார் என்றால், பிரியாணி சாப்பிடப் போகிறார் என்று அர்த்தம். படுத்துத் தூங்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. தூங்கும் இடத்துக்கு நாம் "லாட்ஜ்" என்று வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனால் வேறு வேடிக்கை. அங்கே பல ஊர்களில் "ஹோட்டல்" என்று பலகை போட்டிருக்கும் இடம் சாராயக் கடை! மது விற்க உரிமம் வேண்டுமானால் வழிப்போக்கர்கள் தங்குவதற்குச் சில அறைகளும் வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டில் பழைய சட்டங்கள் இருந்தன. அறைகள் பின்னால் போயின. மதுவும் பெயரும் நிலைத்தன. இது பிடிக்காத மதுவிலக்குக்காரர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஒரு மாற்று வழி கண்டார்கள். மது இல்லாத பெரிய தங்கும் விடுதிகளைக் கட்டி, அவற்றுக்குக் "காப்பி அரண்மனை" என்று பெயர் வைத்தார்கள். மெல்போர்ன் நகரத்தில் பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு எதிரே, 1880-களில் கட்டப்பட்ட மாளிகை ஒன்று இருக்கிறது. ஜேம்ஸ் மன்றோ என்னும் மதுவிலக்குத் தலைவர் 1886-ல் தம் கூட்டாளியுடன் அதை வாங்கிக் காப்பி அரண்மனை ஆக்கினார். மது உரிமப் பத்திரத்தை அவர் தீயிட்டுக் கொளுத்தினார் என்றும் சொல்வார்கள். அவர் பின்னால் விக்டோரியா மாகாணத்தின் பிரதம மந்திரியும் ஆனார். ஆனால், காப்பி மட்டும் அரண்மனையைக் காப்பாற்றவில்லை. 1897-ல் அங்கே மது திரும்பி வந்தது. 1920-களில் அதற்கு "வின்ட்சர்" என்று பெயரிட்டார்கள். இன்றளவும் மெல்போர்னின் கௌரவமான விடுதிகளில் அது ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்போது அந்த நகரங்களில் உத்தியோகம் பார்க்கிறார்கள். பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர், "ஹோட்டல்" என்ற பலகையைக் கண்டு இட்டலி கிடைக்கும் என்று நம்பி நுழைந்துவிட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் நிலைக்காத காப்பி அரண்மனை, நம் சென்னைப் பட்டணத்தில் வேறு உருவத்தில் நிலைத்தது. அந்தக் கதை தெரிந்துகொள்ளத் தக்கது.

சென்னையின் பெரிய ஹோட்டல்களுக்கு இரண்டு வம்சங்கள் உண்டு. ஒன்று துரைமார் வம்சம். இன்றைய கன்னிமரா ஹோட்டல் 1854-ல் "இம்பீரியல்" என்ற பெயரில் தொடங்கியது. தொடங்கியவர் துரை அல்ல. நம் நாட்டு முதலியார் ஒருவர்தான். பின்னர், சென்னைக் கவர்னராயிருந்த கன்னிமரா பிரபுவின் பெயர் 1890-ல் அதற்கு வந்தது. எழும்பூரில் இருக்கும் பெரிய புத்தகசாலைக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. ஸ்பென்சர் கம்பெனியின் ஓக்ஷாட் துரை 1891-ல் ஹோட்டலை வாங்கினார். 1930-களில் அது புதிய கட்டட பாணியில் உருமாறியது. 1970-களில் இலங்கையின் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதைத் திருத்தி அமைத்தார்.

இரண்டாவது, உடுப்பி வம்சம். உடுப்பிப் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சமையற்கட்டில் எடுபிடி வேலை பார்த்து, சென்னைக்கு வந்து முன்னேறியவர் கிருஷ்ணராவ். ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமாயிருந்த "உட்லண்ட்ஸ்" என்னும் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, 1938-ல் தங்கும் விடுதியும் போஜனசாலையுமாக ஆக்கினார். துரைமார் வீட்டுத் தோட்டமும் விசாலமான அறையும், காலையில் இட்டலி சாம்பாரும் ஒரே இடத்தில் கிடைத்தது அப்போது பெரும் புதுமை. குத்தகை முடிந்தபின் 1952-ல், இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்கும் வீதியில் "நியூ உட்லண்ட்ஸ்" எழுந்தது. 1962-ல் மோட்டார் வண்டியில் உட்கார்ந்தபடியே சிற்றுண்டி உண்ணும் உட்லண்ட்ஸ் கிளை ஒன்று கதீட்ரல் சாலையில் தொடங்கிற்று. அது 2008-ல் மூடப்பட்டு, அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா உண்டாயிற்று.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது கட்டடத்தை அல்ல, வாசலை. அன்னியர் ஆண்ட காலத்தில், பெரிய ஹோட்டல்களின் படியில் கால் வைக்க நம்மவர்களுக்குக் கூச்சமும் அச்சமும் இருந்தன. நம்மவர்களே நடத்திய ஹோட்டல்களிலோ, சாதிக்கு ஒரு பந்தி என்று பிரித்து வைக்கும் வழக்கம் இருந்தது. நம்மையே நாம் வாசலில் நிறுத்திக்கொண்டோம். 1950-ஆம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைகளையும் ஹோட்டல்களையும் பெயரிட்டுச் சொல்லி, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தப் பிரஜையையும் அவற்றிலிருந்து தடுக்கக் கூடாது என்று விதித்தது. ஒரு தேசத்தின் அஸ்திவாரச் சட்டத்தில் ஹோட்டல் வாசலைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த வாசல் எவ்வளவு காலம் மூடிக் கிடந்திருக்க வேண்டும்!

சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. கூச்சம் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. மீசை முறுக்கிய வாசற்காவலரையும், பளபளக்கும் பளிங்குத் தரையையும், இங்கிலீஷில் பேசும் சிப்பந்தியையும் கண்டவுடன், நம் நடுத்தரக் குடும்பத்தார் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதே இல்லை. நாம் கொடுக்கும் பணத்துக்கு அவர்கள் ஜாகை கொடுக்கிறார்கள். தமிழிலேயே தாராளமாகப் பேசலாம். புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அகௌரவம் ஒன்றும் இல்லை.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லுவோம்.

முதலாவது, இடம். ஹோட்டல் அழகாயிருந்தால் மட்டும் போதாது. வெளியே வந்தால் காலாற நடக்க இடம் இருக்க வேண்டும். எங்கே போவதானாலும் ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும் என்றால், ஓய்வில் பாதி தெருவிலேயே தீர்ந்துவிடும். எழும்பூர்ப் பக்கம் தங்கினால், 1851-ல் தொடங்கிய மியூசியத்தின் வெண்கலச் சிலைகளை ஒரு முற்பகல் முழுவதும் நிதானமாகப் பார்க்கலாம். அதே வளாகத்தில் புத்தகசாலையும் இருக்கிறது. மயிலாப்பூர்ப் பக்கம் தங்கினால் கபாலீசுவரர் கோவிலும், விடியற்காலையில் கடற்கரையும் சமீபம். உங்கள் வீட்டாருக்கு எதில் பிரியம் என்று கேட்டு, அதற்குத் தக்கபடி இடத்தைத் தீர்மானியுங்கள்.

இரண்டாவது, நிசப்தம். இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அண்ணா சாலையைப் பார்த்த அறையில் ஜன்னலைத் திறந்தால், காட்சி பிரமாதமாயிருக்கும். தூக்கம் மட்டும் வராது. "சாலைப் பக்கம் வேண்டாம், பின்பக்கத்து அறை கொடுங்கள். லிப்டுக்கு அருகில் வேண்டாம், கல்யாண மண்டபத்துக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முகூர்த்த நாளா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. பெரிய ஹோட்டல்களில் முகூர்த்த நாளில் மேளம் கொட்டாத மண்டபம் அரிது.

மூன்றாவது, சுத்தம். 1867-லேயே இந்தியாவில் சத்திரம் சாவடிகளுக்கென்று சராய் சட்டம் ஒன்று இயற்றினார்கள். தங்குமிடத்தைச் சுத்தமாய் வைத்திருப்பதையும், தண்ணீர் எடுக்கும் கிணறு குளங்களைத் துப்புரவாக்குவதையும் அது நடத்துகிறவரின் கடமையாக்கிற்று. ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகும் பரீட்சை மாறவில்லை. அறைக்குள் போனவுடன் தொங்கும் விளக்கைப் பார்க்காதீர்கள், குளியலறையைப் பாருங்கள். தண்ணீர் வேகமாக வருகிறதா, வெந்நீர் வருகிறதா, தரை வழுக்குகிறதா, படுக்கை விரிப்பு புதிதாகத் துவைத்ததா என்று பாருங்கள். திருப்தி இல்லையென்றால், பெட்டியைத் திறக்குமுன்பே வேறு அறை கேளுங்கள். திறந்து பரப்பிய பிறகு யாரும் மாறுவதில்லை.

நான்காவது, ஆகாரம். காலைச் சிற்றுண்டி வாடகையில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடக்கமானால் அதுவே வீட்டு அம்மாளின் திருநாள். அவள் ஆற அமர உட்கார்ந்து, வேண்டியதை வேண்டிய அளவு, சூடாக, கடைசி ஆளாக அல்லாமல் முதல் ஆளாகச் சாப்பிடட்டும். "அந்தத் தோசை இங்கே இவ்வளவு விலையா! வீட்டில் மாவு அரைத்தால் பத்துப் பேருக்குச் சுடலாமே!" என்று ஐயா கணக்குப் போடக் கூடாது. மாவு அரைப்பதற்கு ஒரு கை வேண்டும் அல்லவா? அந்தக் கைக்குத்தான் இப்போது விடுமுறை.

ஐந்தாவது, பணம். இதில் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. கண்ணைப் பிதுக்கிக்கொள்ளவும் கூடாது. விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகையில் பெரும்பாலும் வரி சேர்ந்திராது. ஒரு நாள் வாடகை 7500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; தாண்டாவிட்டால் அதைவிடக் குறைவு. ஆகவே, "வரி உட்பட மொத்தம் எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டு பில்லில் "சேவைக் கட்டணம்" என்று சேர்த்திருந்தால் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் விதித்திருக்கிறது. டில்லி ஹைகோர்ட்டும் 2025-ல் அதை ஊர்ஜிதம் செய்தது. சிப்பந்திக்கு மனமுவந்து இனாம் கொடுப்பது வேறு விஷயம். அதில் கருமித்தனம் வேண்டாம்.

கையிலிருக்கும் தொகை சொற்பமானால் நாட்களைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். சுமாரான இடத்தில் ஐந்து நாள் அவஸ்தைப்படுவதைவிட, நல்ல இடத்தில் இரண்டு இரவு சுகமாயிருப்பது மேல். ஒரு போதும் கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஊர் திரும்பிய பிறகு தவணை கட்டும் கவலை வந்தால், எடுத்த ஓய்வு வட்டியோடு போய்விடும்.

ஆறாவது, நட்சத்திரம். ஐந்து நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் என்கிறார்களே, அது ஜோசியம் அல்ல. ஹோட்டல்கள் விரும்பி விண்ணப்பித்தால், மத்திய அரசாங்கத்தின் சுற்றுலா இலாகா, இருக்கும் வசதிகளைப் பரிசோதித்துக் கொடுக்கும் தரம். 1950-க்கு முன் கட்டிய மாளிகைகளில் நடக்கும் ஹோட்டல்களுக்குப் "பாரம்பரிய ஹோட்டல்" என்ற தனி வகுப்பும் உண்டு. நட்சத்திரத்தை வைத்து, என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று அறியலாம். சிப்பந்திகளின் மரியாதையையோ, பக்கத்து அறையின் சந்தடியையோ நட்சத்திரம் சொல்லாது. அதற்குத் தங்கி வந்தவர்களின் வாக்குத்தான் பிரமாணம். இப்போது அத்தகைய அபிப்பிராயங்கள் கைபேசியிலேயே ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஆகாயம் அளாவப் புகழ்வதையும் தள்ளுங்கள். பாதாளம் வரை இகழ்வதையும் தள்ளுங்கள். நடுவே இருப்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குறையைச் சொன்னால், அது உண்மையான குறை. படங்களை நம்ப வேண்டாம். பெண் பார்க்க வரும் புகைப்படத்தைப் போலத்தான் ஹோட்டல் அறையின் புகைப்படமும். எடுத்த கோணம் அப்படி!

ஏழாவது, நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு விசேஷக் குறிப்பு. பொதிகை எக்ஸ்பிரஸில் இங்கே முன்னிரவில் ஏறினால், ஏறக்குறைய 600 கிலோமீட்டர் கடந்து, மறுநாள் காலையில் சென்னையில் இருப்போம். ஆனால், பெரும்பாலான ஹோட்டல்களில் பகல் 12 மணிக்கோ 2 மணிக்கோதான் அறை கிடைக்கும். இரவெல்லாம் ரயிலில் ஆடி வந்த குடும்பம், பெட்டிகளோடு முன்கூடத்து நாற்காலியில் ஐந்தாறு மணி நேரம் தூங்கி விழுவது ஓய்வின் ஆரம்பத்துக்கு நல்ல சகுனம் அல்ல. பதிவு செய்யும்போதே, "காலையில் வருகிறோம், அறை அப்போதே கிடைக்குமா?" என்று கேளுங்கள். இயலாது என்றால், முகம் கழுவிக்கொள்ளவும் பெட்டிகளை வைத்துப் போகவும் வசதி கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஆதார் கார்டு முதலிய அடையாளச் சீட்டு இருக்கட்டும்.

இத்தனையும் செய்து நல்ல ஜாகையாகப் பிடித்த பிறகு, அங்கே போய் என்ன செய்வது? கூடுமான வரை ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உத்தமம். நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம். கொடுத்த பணத்துக்கு ஈடாகக் காலை ஆறு மணிக்குக் கடற்கரை, எட்டு மணிக்குக் கோவில், பத்து மணிக்கு மியூசியம், பன்னிரண்டு மணிக்குத் தியாகராய நகர் ஜவுளிக்கடை என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடத்து அட்டவணைக்குள்ளேயே வருஷம் முழுவதும் வாழ்கிற நாமே சொல்கிறோம்: விடுமுறைக்கு அட்டவணை கூடாது. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மிச்ச நேரத்தில் தூங்கட்டும், புத்தகம் படிக்கட்டும், தோட்டம் இருந்தால் மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசட்டும்.

ஜவுளிக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கரன்கோவிலில் தறிச் சத்தத்தின் நடுவே பிறந்து வளர்ந்தவர்கள், பட்டணத்துக்குப் போய்த் துணிக்கடையிலேயே மூன்று நாளையும் கழிப்பார்களேயானால், அவர்களுக்கு நாம் சொல்ல ஒன்றும் இல்லை.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "உனக்கு எப்படிப்பட்ட இடம் பிடிக்கும்?" என்று வீட்டு அம்மாளிடம் கேளுங்கள். "உங்களுக்கும் குழந்தைகளுக்கும் எது பிடிக்குமோ அதுவே எனக்கும்" என்று பதில் வரும். அந்தப் பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள். இருபது வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, தமக்கு எது பிடிக்கும் என்பதையே அவர்கள் மறந்திருப்பார்கள். இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும் கேளுங்கள். கடல் தெரியும் ஜன்னல் வேண்டும் என்றோ, யாரும் எழுப்பாத காலை ஒன்று வேண்டும் என்றோ, மெதுவாக ஒரு சொல் வெளிவரும். அதைக் கொடுக்கக்கூடிய ஹோட்டல் எதுவோ, அதுவே நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய ஹோட்டல். அதற்கு எத்தனை நட்சத்திரம் என்பது இரண்டாம் பட்சந்தான்.